உதகையில் ஒரு பருவம்: வழக்கறிஞர் அலுவலகப் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளங்கலை அரசியல் அறிவியலின் கடைசிப் பருவத்தை, 2024 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரல் வரை, உதகமண்டலத்தில் கழித்தேன். வாரத்தில் மூன்று நாள் வகுப்பு. இந்திய அரசாங்கம் ஒரு தாள், உள்ளாட்சி நிர்வாகம் ஒரு தாள். மற்ற மூன்று நாள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சி. அதன்பின் இளைய மாணவர்கள் அழைத்துக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதிவைக்கிறேன். அலுவலகத்துக்கு வந்தவர்களின் அடையாளம் தெரியாதபடி ஊரையும் உறவுமுறையையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன்.

சட்டம் படிப்பவர்கள் போக வேண்டிய இடம் அல்லவா அது? அரசியல் அறிவியல் மாணவருக்கு அங்கே என்ன வேலை?

முதல் வாரம் நானும் இதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தேன். பாடப்புத்தகத்தில் அரசாங்கம் என்றால் பெட்டிகளும் அம்புக்குறிகளும். நாடாளுமன்றம், சட்டமன்றம், ஆட்சியர், வட்டாட்சியர் என்று எல்லா அம்பும் மேலிருந்து கீழே இறங்கும். அலுவலகத்து பெஞ்சில் வந்து உட்காருகிறவர் அதே படத்தைக் கீழிருந்து பார்க்கிறார். அவர் கையில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் ஒரு தாள். அந்தத் தாள் எங்கேயோ நின்றுவிட்டது. ஏன் நின்றது, யார் மேசையில் நின்றது, யாரைக் கேட்டால் நகரும் என்பதே அவருடைய கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால், நீங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அதிகாரப் பகிர்வும் நீதிப் புனராய்வும் வழியிலேயே எதிர்ப்படும்.

என் பருவத்தில் பாதி, கூடலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவருடைய தாளின் பின்னாலேயே போயிற்று. அவர் கேட்டது வீட்டுக்கு ஒரு மின் இணைப்பு. அவ்வளவுதான்.

கோவையிலும் சென்னையிலும் இல்லாதது உதகையில் என்ன இருக்கிறது?

உங்கள் பாடத்திட்டத்திலேயே நீலகிரி இருக்கிறது. ஊர்ப்பெயர்தான் பெரும்பாலும் அச்சாவதில்லை.

ஒன்பதாவது அட்டவணை பற்றிய பாடத்தில் ஐ.ஆர். கோயல்ஹோ எதிர் தமிழ்நாடு அரசு என்ற தீர்ப்பு வரும். 2007 ஜனவரி 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு, அதாவது அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த நாளுக்குப் பிறகு, ஒரு சட்டத்தைக் கொண்டுபோய் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துவிட்டால் நீதிமன்றம் தொட முடியாது என்பது இனிச் செல்லாது. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம். இதை நான் ஐந்து மதிப்பெண் வினாவாகப் படித்திருந்தேன். எந்தச் சட்டம் பற்றிய வழக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது கூடலூர் ஜன்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம், 1969.

கூடலூர்ப் பகுதி ஒருகாலத்தில் மலபாரின் வயநாட்டோடு சேர்ந்திருந்தது. 1877இல்தான் நீலகிரி மாவட்டத்துக்கு வந்தது. நிலம் ஜன்மி என்ற பரம்பரை நில உடைமை முறையில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்குச் சொந்தம். அதைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் தேயிலை, காப்பித் தோட்டங்கள் போட்டார்கள். ஜன்ம உரிமையை ஒழித்து, நிலம் வைத்திருப்பவர் நேராக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரியாக மாற்றத்தான் 1969ஆம் ஆண்டுச் சட்டம். அதில் காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974இல் அரசமைப்பைத் திருத்தி அந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்தார்கள். அதை எதிர்த்த வழக்குதான் கோயல்ஹோ.

இன்னொன்று, கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த அவர், கூடலூரில் ஒருகாலத்தில் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த காடுகளில் மரம் வெட்டப்படுவதைப் பொறுக்காமல் 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, காடு என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருளோ அதுதான் சட்டத்திலும் பொருள், நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி, என்றது. நாடு முழுவதும் வனத்துறையின் நடைமுறையை மாற்றிய வழக்கு அது.

ஒரே மலைச்சரிவிலிருந்து இத்தனை பெரிய இரண்டு வழக்குகள். என் சீனியர், அதாவது நான் பயிற்சி பெற்ற வழக்கறிஞர், இதைச் சொன்னபோது வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் எத்தனை முறை கூடலூரைத் தாண்டி மைசூருக்குப் போயிருக்கிறேன்!

பெரியவருடைய வீடு இந்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் வரும் நிலத்தில் இருந்தது. தோட்டக் குத்தகைகளை என்ன செய்வது என்று பேசும் பிரிவு அது. உள்ளூரில் யாரும் சட்டத்தின் பெயரைச் சொல்வதில்லை. "செக்‌ஷன் பதினேழு" என்றால் ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் புரியும்.

அலுவலகத்தை எப்படிப் பிடிப்பது?

நேரில் போய்க் கேட்பதே நல்ல வழி. துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நாள், நேரம், எதற்காக என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருந்தால் பருவமே முடிந்துவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். காலை பத்து மணிக்கு எந்த வழக்கறிஞரும் உங்களோடு பேச மாட்டார். எனக்கு முதல் இரண்டு இடங்களில் இல்லை என்றார்கள். மூன்றாவது அலுவலகத்தில் வழக்கறிஞர் அம்மையார், பிறகு என் சீனியர் ஆனவர், கேட்ட ஒரே கேள்வி: "கையெழுத்து நன்றாக இருக்குமா?"

பெரிய பெயர் உள்ள அலுவலகத்தைவிட, எல்லா வகை வழக்கும் வரும் நடுத்தர அலுவலகம் நல்லது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசச் சட்ட உதவி வழக்குகளை நடத்துபவராக இருந்தால் இன்னும் நல்லது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அந்த உதவி உண்டு. பாதிப் பேருக்கு இது தெரியாது.

கறுப்புக் கோட்டு போடலாமா? நீதிமன்றத்தில் பேசலாமா?

கூடாது, கூடவே கூடாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு செய்த வழக்கறிஞர்தான் தொழில் நடத்தலாம். நீங்கள் சட்டக் கல்லூரி மாணவரும் இல்லை. அவர்களுக்கு பார் கவுன்சில் விதிப்படி மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரம் பயிற்சி கட்டாயம். உங்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வெள்ளை அல்லது மங்கலான நிறத்தில் உடுத்திக்கொண்டு, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, வாயை மூடிக் காதைத் திறந்து வையுங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். எங்களோடு பயிற்சிக்கு வந்த ஒரு நண்பனின் பைக்குள்ளிருந்து, சாட்சி கூண்டில் ஏறிய நேரம் பார்த்து, ஒரு பக்திப் பாடல் ஒலித்தது. நீதிபதி ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தார். அது போதும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஒன்பதரைக்கு அலுவலகம். அன்றைய வழக்குகளின் கட்டுகளைக் குமாஸ்தா அண்ணன் எடுத்துவைப்பார். நாட்குறிப்போடு ஒத்துப்பார்ப்பது என் வேலை. பத்தரைக்கு நீதிமன்றம். பாதி வழக்குகளுக்கு வாய்தா. பிற்பகலில் நகல் மனு போடுவது, கட்டண வில்லை வாங்குவது, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பது. மாலையில் கட்சிக்காரர்கள் வருவார்கள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் உண்மையான வகுப்பு. எட்டு மணிக்குச் சீனியர் மறுநாள் கட்டைப் படிக்க ஆரம்பிப்பார்; நீங்கள் கிளம்பிவிடலாம்.

குமாஸ்தாவைப் பற்றி ஒரு வார்த்தை. அலுவலகத்தில் அதிகம் தெரிந்தவர் அவர்தான். முப்பது ஆண்டு அனுபவம். எந்தப் பிரிவில் எந்த எழுத்தர் காலையில் நல்ல மனநிலையில் இருப்பார் என்பது வரை அவருக்கு அத்துப்படி. அவரிடம் பணிவாக இருந்தால் ஒரு பருவத்தில் கற்பதை ஒரு மாதத்தில் கற்கலாம். நான் "அண்ணா" என்றே கூப்பிட்டேன். சீனியரை எல்லோரும் "மேடம்" என்றார்கள். கட்சிக்காரர்களுக்கு அவர் "வக்கீலம்மா".

என்னென்ன சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?

முதல் நாளே இடறினேன். "உள்ளே மூன்று கட்சிக்காரர்கள் காத்திருக்கிறார்கள்" என்றார் அண்ணன். எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டேன். அலுவலகமே சிரித்தது. அரசியல் அறிவியல் படித்துவிட்டு வந்தால் இப்படித்தான். வழக்கறிஞரிடம் தன் வழக்கை ஒப்படைத்தவர்தான் கட்சிக்காரர்.

வக்காலத்து, வாய்தா, பிரமாணப் பத்திரம், வாதி, பிரதிவாதி எல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். சிரமம் பழைய நில ஆவணங்களில். "ஷை" என்று ஒரு எழுத்து அடிக்கொருதரம் வரும். "மேற்படி" என்பதன் சுருக்கம். செக்குபந்தி என்றால் நிலத்தின் நான்கெல்லை. பாத்தியதை (உரிமை), அனுபோகம் (பயன்படுத்தி வருவது), சுவாதீனம் (கையில் வைத்திருப்பது) மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. உரிமை ஒருவரிடமும் சுவாதீனம் இன்னொருவரிடமும் இருப்பதால்தான் பாதி வழக்குகளே நடக்கின்றன.

பிறகு பசலி. வருவாய்த்துறைக்கு ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அந்த ஆண்டு எந்த ஜூலையில் தொடங்கியது என்று தெரியும். 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூன் வரை பசலி 1434. இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏதோ ரகசியச் சங்கத்தில் சேர்ந்துவிட்ட பெருமை. அளவுகளும் அப்படித்தான்: பத்திரத்தில் ஏக்கரும் சென்ட்டும் இருக்கும், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். ஒரு ஏர் என்பது ஏறத்தாழ 2.47 சென்ட். கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்து கைப்பேசியில் கணக்குப் போடாமல், முன்பே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் நடக்குமா, ஆங்கிலத்தில் நடக்குமா?

கீழ்நிலை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் இருக்கலாம். ஆட்சிமொழிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் சட்ட நூல்களும் மேற்கோள் தீர்ப்புகளும் ஆங்கிலத்தில். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலமே. மலையில் இன்னொரு சுற்று உண்டு. வருகிறவர் படுகர்களின் மொழியான படுகு பேசுவார், கூடலூரிலிருந்து வருபவர் மலையாளம் பேசுவார், பணியர் பழங்குடிப் பெண்மணி தன் மொழியில் தொடங்கிப் பாதியில் தமிழுக்கு வருவார். வாக்குமூலத்தை எழுதும்போது அவர் சொன்னது வேறு, நாம் எழுதியது வேறு ஆகிவிடக் கூடாது. எழுதியதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தின் மாறாத விதி.

எந்த வகை வழக்குகள் வரும்?

நிலம், நிலம், மறுபடியும் நிலம். தாத்தா பெயரில் பட்டா, பேரன்கள் பதினோரு பேர், நடுவில் ஒரு ஏக்கர் தேயிலை: இந்தப் பாகப்பிரிவினை வழக்கை ஆள்பெயர் மாற்றி நான்கு முறை பார்த்தேன். காசோலை திரும்பிய வழக்குகள், ஜீவனாம்சம், விபத்து இழப்பீடு எல்லா ஊரிலும் உள்ளவைதான்.

மலைக்கே உரியவை வேறு. சொந்த நிலத்தில் இருக்கும் மரத்தை வெட்டவும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். வீடு கட்ட மலைப்பகுதிக்கென்று தனி விதிகள், தனிக் குழுக்கள். சீகூர்ப் பீடபூமியில் யானை வழித்தடத்துக்காக அரசு 2010இல் போட்ட ஆணையை 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதன் கிளைகள் இன்னும் அலுவலகங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. ரிசார்ட்டுக்காரர்கள் ஒருபுறம், நாலு சென்ட்டில் வீடு வைத்திருப்பவர்கள் மறுபுறம். இருவரும் ஒரே வழித்தடத்துக்குள்தான் இருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே மாதிரி வழக்கறிஞர் கிடைப்பதில்லை.

மேல்முறையீடு என்றால் சென்னைக்குப் போக வேண்டும். கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தில் இருப்பதால் அவர்களுக்கு மதுரைக் கிளை. 2004இல் அது வந்தது. நீலகிரிக்குச் சென்னைதான். இரவெல்லாம் பயணம் செய்து, உயர் நீதிமன்றத்தில் பத்து நொடியில் வாய்தா வாங்கித் திரும்பிய ஒருவர் எங்களுக்கு வர்க்கி வாங்கிக்கொண்டு வந்து அந்தக் கதையைச் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

பழங்குடியினர் உரிமை பற்றிப் படிக்க வேண்டும். அங்கே அது கிடைக்குமா?

கிடைக்கும், வகுப்பில் சொன்னதற்கும் அதற்கும் இடைவெளி இருப்பதையும் பார்ப்பீர்கள்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள் இங்கே. ஆறையும் ஒன்றிய அரசு மிகவும் நலிவுற்ற பழங்குடிக் குழுக்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. நான் வகுப்பில் பழங்குடிப் பகுதிகளின் நிர்வாகம் பற்றிய ஐந்தாவது அட்டவணையையும், அப்படி அட்டவணையிட்ட பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டு பெசா சட்டத்தையும் படித்துவிட்டு, இவை நீலகிரியில் எப்படி நடக்கின்றன என்று ஆவலோடு கேட்டேன். நடப்பதில்லை. தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. எனவே பெசா இங்கே பொருந்தாது. ஆய்வுத் திட்டத்துக்கு நான் எழுதி வைத்திருந்த தலைப்பு அன்றே செத்தது.

இங்கே கைகொடுப்பது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் வாழ்ந்து உழுதவருக்கு அந்த நிலத்தில் உரிமை. கோரிக்கை கிராம சபையிலிருந்து தொடங்கும், வன உரிமைக் குழு பார்க்கும், கோட்ட அளவுக் குழு, மாவட்டக் குழு என்று ஏறும். என்னைக் கட்டிப்போட்டது சான்றுகள் பற்றிய விதி. வீடு, கிணறு, சுடுகாடு, கும்பிடும் இடம் எல்லாம் சான்று. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் சான்று, அதை எழுத்தில் கொடுத்தால். காலையில் நான் பார்த்த பாகப்பிரிவினை வழக்கில் பத்திரம் இல்லாவிட்டால் ஒன்றும் நகராது. மாலையில் வந்த வன உரிமைக் கோரிக்கையில் ஒரு பாட்டியின் நினைவு ஆவணமாகிறது. இரண்டும் ஒரே நாட்டின் சட்டம்.

சாதிச் சான்றிதழும் இதே போல ஒரு படி. மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிவது, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் வரை போகும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும், அதுவும் ஒருமுறை வந்தால் முடியாது. இட ஒதுக்கீடு பற்றி வகுப்பில் விவாதம் செய்பவர்களை எல்லாம் அந்த வரிசையில் ஒருநாள் நிறுத்த வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை.

கிராம சபையைப் பார்க்கலாமா?

பாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. ஆனால் போகுமுன் அந்த இடம் எது என்று உறுதிசெய்யுங்கள். நீலகிரியில் காடும் தேயிலையுமாக நாலு வீடு தெரிந்தால் ஊராட்சி என்று நினைப்போம். அது பேரூராட்சியாக இருக்கும். நடுவட்டம், ஓவேலி, சோலூர், தேவர்சோலை எல்லாம் பேரூராட்சிகள். ஊராட்சிச் சட்டத்தின் கிராம சபை அங்கே கிடையாது.

என் பருவத்தில் இன்னொரு விசேஷம். நீலகிரியின் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் நடக்காததால் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஜனவரி 26 அன்று நான் போன கிராம சபையில் தலைவர் நாற்காலியில் ஓர் அதிகாரி. முன்னாள் தலைவர் இரண்டாவது வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். குடிநீர் பற்றிக் கேட்க எழுந்த ஒரு அம்மா, பழக்கத்தில் அவரைப் பார்த்தே கேட்டார். அவரும் பழக்கத்தில் எழுந்து, பிறகு உட்கார்ந்துகொண்டார். ஊராட்சிகள் பற்றிய 73ஆவது திருத்தம், பதினோராவது அட்டவணை, 29 துறைகள் என்று நான் எழுதிய பதில்களைவிட அந்த எழுந்து உட்கார்ந்ததைத்தான் வாய்மொழித் தேர்வில் விவரித்தேன்.

அரசு அலுவலகங்களுக்குத் தனியாக அனுப்புவார்களா? தவறு நேர்ந்தால்?

அனுப்புவார்கள். நேரும். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

பெரியவரின் மின் இணைப்பு மனுவுக்கு வருவாய்த்துறையின் ஆட்சேபமின்மைச் சான்று வேண்டும். நிலம் காடா, தோட்டமா, குடியிருப்பா என்று தீர்மானமாகாத இடத்தில் அதை யார் கொடுப்பது? மனு எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் அடுத்த படியை யோசிக்கலாம் என்றார் மேடம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர் பெயரில் ஒரு மனு எழுதச் சொன்னார். பத்து ரூபாய் கட்டண வில்லை ஒட்டினால் போதும்; முப்பது நாளில் பதில் வர வேண்டும். அழகாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். நானே அனுப்பினேன். இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது: மேற்படி புல எண்ணில் மனு ஏதும் பெறப்படவில்லை.

அலுவலகம் அலட்சியம் செய்கிறது என்று பொங்கினேன். மேடம் பேசாமல் என் நகலையும் பெரியவரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புல எண் 412. நான் எழுதியிருந்தது 421.

அவர் திட்டவில்லை. பெரியவரிடம் நானே சொல்ல வேண்டும் என்றார். அவர் கூடலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் ஏறி வந்தபோது சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத்தனை வருஷத்தில் தப்பு என்னுடையது என்று சொன்ன முதல் ஆள் நீதான், அம்மா" என்றார். அதற்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எந்த எண்ணையும் வலமிருந்து இடமாக ஒருமுறை, இடமிருந்து வலமாக ஒருமுறை படிக்கிறேன்.

ஊதியம் உண்டா?

எனக்கு மதிய உணவும் பஸ் செலவும் கிடைத்தது. கேட்டு வாங்காதீர்கள், கொடுத்தால் மறுக்காதீர்கள்.

குளிர் தாங்குமா? எங்கே தங்குவது?

மேட்டுப்பாளையத்தில் பிறந்தவளே டிசம்பரில் அழுதேன். தலைகுந்தாவில் புல்வெளி வெளுத்து உறைபனி படியும் மாதம் அது. காலையில் பேனா மை எழுதாது. அம்மாவின் பழைய சால்வையும் கம்பளிக் காலுறையும் காப்பாற்றின. மகளிர் விடுதி ஒன்றில் தங்கினேன். ஏப்ரலில் சீசன் தொடங்கினால் அறை வாடகை மலை ஏறிவிடும். டிசம்பரிலேயே ஐந்து மாதத்துக்கும் பேசி முடித்துவிடுங்கள். அலுவலகத்தில் கணப்பு இருக்கும் என்று கனவு காணாதீர்கள். தேநீர் இருக்கும்.

கேட்டவற்றை வெளியே சொல்லலாமா? ஆய்வறிக்கையில் எழுதலாமா?

கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னது காப்பாற்றப்பட வேண்டியது. அந்தக் கடமை குமாஸ்தாவுக்கும் அலுவலகத்தில் வேலை செய்பவருக்கும் சேர்த்துத்தான். விடுதி அறைத் தோழியிடம் பெயர் சொல்லாமல் சொன்னாலும், உதகை சின்ன ஊர். அவள் கண்டுபிடித்துவிடுவாள், என்னுடையவள் கண்டுபிடித்தாள்.

அறிக்கைக்குப் பொது ஆவணங்கள் போதும். என் பெசா தலைப்பு செத்தபின் இ-பாஸை எடுத்துக்கொண்டேன். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்று சொன்னது சட்டமன்றமும் அமைச்சரவையும் அல்ல, சென்னை உயர் நீதிமன்றம். 2025 ஏப்ரல் 1இலிருந்து நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று எண்ணிக்கையும் வைத்தது. அதை நடத்தியது மாவட்ட நிர்வாகம். எதிர்த்துக் கடையடைத்தது வணிகர்கள். அரசுப் பஸ்ஸுக்கும் உள்ளூர் வாகனங்களுக்கும் விலக்கு. அதிகாரப் பிரிவினை என்ற தலைப்பில் எழுத இதைவிட என்ன வேண்டும்? அலுவலகத்து வாசலில் டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் பலகை உள்ள வண்டிக்காரர்கள் இரண்டு வாரம் தலை நிமிர்ந்து நடந்தார்கள்.

இதற்குப் பிறகு சட்டம் படிக்க வேண்டுமா?

எதற்கும் கட்டாயமில்லை. பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது, நான் விண்ணப்பித்திருக்கிறேன். என்னோடு வந்த நண்பன், பாட்டு ஒலிக்கவிட்டவன், போட்டித் தேர்வு எழுதி வருவாய்த்துறைக்குப் போக வேண்டும் என்கிறான். தாள்கள் நிற்கும் மேசையில் தானே உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம்.

பெரியவருக்கு மின் இணைப்பு கிடைத்ததா?

நான் மலையிறங்கிய ஏப்ரல் வரை இல்லை. சரியான புல எண்ணோடு இரண்டாம் மனுவை எழுதி, மேடம் படித்து, அண்ணன் படித்து, பெரியவருக்கும் உரக்கப் படித்துக் காட்டி அனுப்பினோம். தாள் ஒரு படி மேலே ஏறிவிட்டது என்று பதில் வந்தது. அண்மையில் அண்ணனை அழைத்து, இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டேன்.

"நீயே ஒரு மனு எழுதிக் கேளேன்" என்றார். "எண்ணை மட்டும் என்னிடம் படித்துக் காட்டிவிட்டு அனுப்பு."